சிபியுவை உதைப்பவர்

காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது, மேஜைக்கு அடியில் இருக்கும் சிபியு பெட்டியை ஓர் உதை விடுவது. கோபத்தில் அல்ல. பல் துலக்குவது போல அது ஒரு காலைப் பழக்கம். ஷூவின் முனை எப்போதும் ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தில் தகடு குழிந்து, கறுப்பு பெயிண்ட் உதிர்ந்து, தகரம் பளபளத்தது. எப்போதோ உள்ளே மின்விசிறி கரகரத்ததாம், எரிச்சலில் உதைத்தாராம், சத்தம் நின்றுவிட்டதாம். அதன்பிறகு கரகரத்தாலும் கரகரக்காவிட்டாலும் உதை உண்டு.

“தட்டினாதான்க்கா பேசும். மெஷினும் சரி, மனுஷனும் சரி” என்பார்.

பொம்மனஹள்ளியில், மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பால் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்துகொடுத்தோம். எந்த வண்டி எத்தனை கிரேட், அதாவது பிளாஸ்டிக் பால் பெட்டி, ஏற்ற வேண்டும், எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநரின் போனில் சொல்வது எங்கள் வேலை. நிரல் எழுதுபவர்களுக்கு அவர் தலைவர். நான் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு. அதன் மேல்விளிம்பில் அவர் குத்தியதில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது.

ஆனேக்கல்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். குள்ளம். தடித்த மணிக்கட்டு, அதில் ஒரு செப்புக் காப்பு. அவர் கத்தி நான் கேட்டதில்லை. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கத்துகிறவர்கள் கத்தி முடித்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியதும் நாங்கள் எங்கள் காபிக் கோப்பைகளை மேஜையின் உட்பக்கம் நகர்த்தி வைப்போம்.

மவுஸ் சுவரில் போய் விழும். கீபோர்டு முழங்காலில் வைத்து முறிக்கப்படும். காபி இயந்திரம் பால் தராவிட்டால் அதன் நெற்றியில் ஓர் அறை விழும். அவருடைய சந்தோஷமும் அப்படித்தான் இருந்தது. சிக்கலான பிழை ஒன்றைச் சரிசெய்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் முதுகில் உள்ளங்கையால் ஒரு போடு போடுவார். ஒருமுறை அதில் ஒருவனின் கண்ணாடி கழன்று சாம்பாரில் விழுந்தது. “வலிச்சுதாடா?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டு, தன் கைக்குட்டையாலேயே துடைத்துக்கொடுத்தார்.

வேலூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண். அலுவலக வண்டியில் கடைசியாக இறங்குபவள். ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், கேட்கக்கூடாததைக் கேட்கிறான் என்று என்னிடம் சொன்னாள். நான் நிர்வாகத்துக்கு எழுதலாம் என்றேன். இவர் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போல. மறுநாள் மாலை வண்டி வாசலில் நின்றபோது முன்கதவைத் திறந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஏன் குரு, கண்ணாடி சரியாத் தெரியலயா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. காப்பு அவன் மூக்கில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடியைப் பிடுங்கி அவன் மடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். வண்டிக்காரரை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் அடுத்த நாள் மைசூர்பாகு வாங்கி வந்தாள். எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம். என் நாட்குறிப்பில் அன்றைக்கு ‘நல்ல காரியம் நடந்தது’ என்று இருக்கிறது. அந்த ஆளின் சட்டையெல்லாம் ரத்தமாக இருந்ததை எழுதவில்லை.

ஆயுத பூஜை எங்கள் அலுவலகத்தில் பெரிதாக நடக்கும். கணினிகளை எல்லாம் அணைத்து, சுவிட்சையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். வீட்டிலிருந்து குழந்தைகளைக் கூட்டி வருவார்கள். வாசலில் பூசணிக்காய் உடைப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் உடைத்தால் இரண்டாகப் பிளக்கும். அவர் போட்டால் துண்டு எது, குங்குமம் எது என்று தெரியாது. அந்த வருடம் தன் சிபியுவுக்குச் சாமந்தி மாலை ஒன்று தனியாக வாங்கி வந்திருந்தார். “வருஷம் பூரா உதை வாங்குது. ஒரு நாளாவது மாலை வாங்கட்டும்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவருடைய மனைவியும் வந்திருந்தாள். பொட்டு வைக்கக் குனிந்தவள் அந்தக் குழிந்த தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இதையும் உதைக்கிறாரா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் யாரோ பொரி கடலைப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பினோம். சில நாட்களில் மென்பொருளின் புதிய பதிப்பு ஓட்டுநர்களின் போனுக்குப் போனது. அதற்கு மறுநாள் காலை நகரத்தின் பால் வண்டிகள் அத்தனைக்கும் ஒரே வழி போய்ச் சேர்ந்தது. சிவாஜிநகரில், கறிக்கடைகள் இருக்கும் ஒரு குறுகலான சந்து. ஒரு வண்டி நுழைந்தால் இன்னொன்று திரும்ப முடியாத இடத்தில் எல்லா வண்டிகளும் முட்டி நின்றன. பால் வெயிலில் கெட்டது. நீ பின்னால் எடு, நான் முன்னால் வந்தேன் என்று ஓட்டுநர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவரின் புருவம் கிரேட்டால் கிழிந்தது. அதன்பிறகு அவர்களுக்கு ஒற்றுமை வந்துவிட்டது. சேர்ந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

முதல் கிரேட் கீழ்த்தளத்து வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தது.

“ரூட்டு போட்ட மகராசன் யாருப்பா? கொஞ்சம் கீழ வரச் சொல்லு. கை குடுத்துட்டுப் போறோம்” என்று ஒருவர் படிக்கட்டில் நின்று கேட்டார்.

இவர்தான் இறங்கிப் போனார். நாங்கள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டோம். கீழே பிளாஸ்டிக் உடையும் சத்தமும், யாரோ மூச்சு வாங்கும் சத்தமும், இரும்புக் கைப்பிடியில் எலும்பு மோதும் சத்தமும் மாறி மாறி வந்தன. போலீஸ் வந்து கலைத்தபோது அவர் நெற்றி பிளந்திருந்தது. ஓட்டுநர்களில் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலாளி அவர் தோளைத் தட்டி, “நீ இல்லேன்னா ஆபீஸே போயிருக்கும்ப்பா” என்றார்.

அவர் படியில் உட்கார்ந்து நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “எவன் செஞ்சான்னு தெரியணும்க்கா.”

யார் செய்தது என்பதைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் வழி இருக்கிறது. நிரலில் யார் எதை மாற்றினாலும் அது பெயரோடும் தேதியோடும் ஒரு சர்வரில் பதிவாகும். அந்தப் பதிவுகளைப் பட்டியலாகக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்கள் ஒவ்வொருவர் திரையிலும் இருக்கும். க்ளையன்ட் என்போம். இருக்கிற வரியை யார் எழுதினார் என்று அதைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். ஆனால் இங்கே பிரச்சினை, இருந்த வரிகள் இல்லாமல் போனது. வண்டிகளைப் பகுதிவாரியாகப் பிரிக்கும் வரிகளை யாரோ அழித்திருந்தார்கள். அழித்தவரைக் கண்டுபிடிக்கப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதம் முழுக்கப் பார்த்தார்கள். போன மாதமும் பார்த்தார்கள். அந்த வரிகளைத் தொட்டதாக ஒரு பதிவும் இல்லை.

பதிவே இல்லாமல் அழிக்க வேண்டுமென்றால் நேராக சர்வரில் கை வைத்திருக்க வேண்டும். அதற்கான அனுமதி ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கௌதம்.

கௌதம் ஸ்ரீராம்புரத்துப் பையன். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்தார். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். சர்வருக்கு அனுமதி உள்ளவன் என்பதால்தான் அவன்மேல் சந்தேகம் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது மட்டும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய சம்பள உயர்வு அந்த வருடம் தள்ளிப்போயிருந்தது. “வஞ்சம் வெச்சிருப்பான்” என்று ஒருவர் சொல்ல, அது சாப்பாட்டு நேரத்துக்குள் முடிவாகிவிட்டது.

இவர் அவனைத் தண்ணீர் கேன் இருக்கும் நடையில் பிடித்தார். கட்டுப் போட்ட நெற்றியோடு, குரல் அநேகமாக இல்லாமல் கேட்டார்.

“ஏன்டா அழிச்ச?”

“நான் ஏண்ணா அழிக்கப் போறேன்? அந்தப் பால் வண்டி எங்க தெருவுக்கும்தான் வரும். எங்கம்மா கடுங்காப்பி போட்டுட்டு என்னயத்தான் திட்டுச்சு.”

அது வேடிக்கையான பதில். வேறொரு நாளாக இருந்தால் இவரே சிரித்திருப்பார். உள்ளங்கை கௌதமின் இடது காதை மூடியது. பட்டாசு வெடித்தது போல இருந்தது. அவன் சாய்வதற்குள் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி மறுபடியும் அதே காதில் அடித்தார். அவன் தலை கேனில் மோதி, கேன் கவிழ்ந்து, நடை முழுவதும் தண்ணீர் ஓடியது. தண்ணீரில் வழுக்கி விழுந்தவனை விலாவில் உதைத்தார். அதே ஷூ முனை.

“லிஸ்ட்ட இன்னொரு வாட்டி பாருங்கண்ணா” என்று அவன் கீழே கிடந்தபடி சொன்னான். “ஒரே ஒரு வாட்டி பாருங்க.”

இன்னோர் உதை விழுந்தது. மைசூர்பாகு சாப்பிட்ட நாங்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் எங்கள் செருப்புகளை நனைத்தது.

செவிப்பறை கிழிந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவன் சார்பில் அவனுடைய அப்பா போலீசில் புகார் கொடுத்தார். மாலையில் அவர் வேலைச் சீருடையோடு எங்கள் வரவேற்பறைக்கு வந்து, உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, மகனுடைய டிபன் பாக்ஸையும் ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி கணக்குப் போட்டார். திங்கட்கிழமை பால் கம்பெனிக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். கௌதமின் பெயரைச் சொல்லி அவனை வேலையை விட்டு அனுப்புவது. அவன் புகாரைத் திரும்பப் பெற்றால் அத்தோடு விடுவது. பெறாவிட்டால் வேண்டுமென்றே நாசம் செய்ததாக அவன்மீது வழக்குப் போடுவது. வழக்கு விழுந்தால் இந்த ஊரில் எந்த அலுவலகமும் அவனைச் சேர்க்காது.

அழிந்த வரிகளைத் திரும்பப் போட்டுச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. அவை முதலில் எப்படி எழுதப்பட்டன என்று பார்ப்பதற்காகப் பட்டியலின் அடிக்குப் போனேன். எல்லோரும் பட்டியலை மேலிருந்து, புதியதிலிருந்துதான் பார்ப்பார்கள். வேண்டிய மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசி வரி, இந்தத் திட்டம் தொடங்கிய நாளில் போட்ட முதல் பதிவாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே ஒன்று இருந்தது. எங்கள் கம்பெனி பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடத்து ஜனவரி முதல் தேதி. திறந்து பார்த்தேன். வண்டிகளைப் பிரிக்கும் வரிகள் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அவருடைய பெயர்.

தடுப்பைச் சுற்றிப் போய் அவரை அழைத்து வந்து காட்டினேன்.

“க்ளையன்ட் கோளாறுக்கா” என்றார். “தேதியத் தப்பாக் காட்டுது.”

“தேதி தப்புதான். பேரு?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்து நடந்தது எங்கள் தொழிலின் வழக்கமான வேலை. சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கழிப்பது. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படிக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. வெளிநாட்டு நேரத்தை எடுத்துக்கொள்கிறதா? இல்லை. அவர் திரையில் பார்த்தோம், கௌதமின் காலி மேஜையில் பார்த்தோம். எல்லா இடத்திலும் அதே தேதி. பிறகு அந்தப் பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் தனியாக எடுத்தோம். அது ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள் காலை.

பட்டியலில் வரும் தேதியை சர்வர் போடுவதில்லை. மாற்றத்தை அனுப்புகிற கணினி என்ன தேதி சொல்கிறதோ, அதையே எழுதிக்கொள்ளும்.

“என் மெஷின நிறுத்துங்க” என்றார். நான் சுவிட்சை அணைத்தேன். “இப்பப் போடுங்க.”

திரை வந்தது. வலது மூலையில் அதே பழைய ஜனவரி முதல் தேதி. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொண்டு தேதி இன்றைக்குத் தாவியது.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே. மூன்றாவது முறை சொன்னபோது அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன்.

வன்பொருள் பார்ப்பவர் வந்து பெட்டியின் பக்கத்தைக் கழற்றினார். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதற்கு உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தன் கிளிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடியில் கிடந்தது. “எப்ப கழண்டுச்சோ தெரியல. கரண்ட் இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. யாருங்க இத இந்த உதை உதைச்சது?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலையில் நடந்தது இவருக்கு நினைவு வந்துவிட்டது. விடுமுறை முடிந்து வந்ததும் வராததுமாக, சோதித்துப் பார்ப்பதற்காக அந்த வரிகளை அழித்தார். எல்லா வண்டிக்கும் ஒரே வழி கொடுத்துப் பார்த்தால் சோதனை சீக்கிரம் முடியும். முடித்ததும் வரிகளைத் திரும்பப் போட வேண்டும். போடவில்லை. வேறொரு சின்னத் திருத்தத்தோடு சேர்ந்து அதுவும் சர்வருக்குப் போய்விட்டது. அப்போது தேதி சரியாகியிருக்கவில்லை.

அவர் எழுந்து கழிவறைக்குப் போனார். ஏதோ பெயரும் சத்தம் நீண்ட நேரம் வந்தது. பிறகு போய்ப் பார்த்தவர்கள், கை உலர்த்தும் இயந்திரம் திருகாணிகளோடு சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்ததாகச் சொன்னார்கள். விரல் முட்டிகளில் ரத்தத்தோடு திரும்பி வந்தார்.

“நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. நான் சொல்றேன்.”

திங்கட்கிழமை முதலாளியின் அறையில் நாங்கள் நான்கு பேர். இவர் முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தார்; பதிவைக் கண்டெடுத்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கௌதம் இடது காதில் பஞ்சோடு, கதவுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா வெளியே சோபாவில் இருந்தார்.

“நான்தான் அழிச்சேன். ஒண்ணும் செய்யாதவன நான்தான் அடிச்சேன்” என்று இவர் சொன்னார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதலாளிக்கு இதை முடித்துவிட வேண்டும். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அந்தப் பதிவின் தேதியையும் பெயரையும் கௌதம் சத்தமில்லாமல் திருத்திவிடட்டும். சர்வர் கோளாறு என்று பால் கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளலாம். தள்ளிப்போன சம்பள உயர்வு உடனே வரும். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். “எல்லாம் பழையபடி ஆயிடும்ப்பா” என்றார்.

கௌதம் வலது காதை அவர் பக்கம் திருப்பினான். “இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்.”

முதலாளி எல்லாவற்றையும் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை கேட்கும்போது அது அவருக்கே நன்றாக இல்லை என்று தோன்றியது.

“அந்த ஒரு என்ட்ரியத் தொட்டா அதுக்கப்புறம் போட்ட ஒவ்வொண்ணும் மாறும் சார்” என்றான் கௌதம். “தேதிய மாத்த மாட்டேன். கம்ப்ளெயிண்டையும் வாபஸ் வாங்க மாட்டேன். ரெண்டும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். வேலை மட்டும் எனக்கு வேணும். அது என் வேலை.”

இவர் தலையை மட்டும் ஆட்டினார். சரி என்பது போல. அவருடைய பை அறையின் அந்தப்பக்கம், கௌதமின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதை எடுப்பதற்காக எழுந்தார்.

அவர் எழுந்ததைப் பார்த்ததுமே கௌதமின் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவனுடைய முழங்கை உயர்ந்து பஞ்சு வைத்த காதை மூடிக்கொண்டது. கண்கள் இறுக மூடியிருந்தன. அவன் அதைச் செய்யவில்லை. அவன் உடம்பு செய்தது.

இவர் அப்படியே நின்றார். பிறகு, கண்ணாடிச் சாமான் எதையோ கீழே வைப்பது போல, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். முழங்கை இறங்கவில்லை.

“நான் எந்திரிக்கலடா” என்றார்.

முழங்கை இறங்கவில்லை.

“அக்கா, அந்தப் பைய நீங்க எடுத்துக் குடுங்க” என்று என்னிடம் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளக் கையை வெளியே எடுக்கவில்லை. மடியில் வைக்கச் சொன்னார். கௌதம் கண்ணைத் திறந்து, சுவரை ஒட்டியே நடந்து, கதவைத் திறந்து, அப்பாவிடம் போகும்வரை அவர் அப்படியேதான் இருந்தார்.